பேஸ்மென்ற் இல்லாத வீடு

சாவி கைக்கு வந்த அன்று இவர் செய்த முதல் வேலை, வீட்டுக்குள் படி தேடியதுதான்.

நான் சமையல் மேடையில் சாமிப் படத்தையும் உப்புப் போத்தலையும் வைத்துவிட்டுத் திரும்பினால், மனிசன் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டு திரிகிறார். கோட்டு மாட்டும் அலுமாரியைத் திறந்து, வெறும் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கடைசியில், நடையின் முடிவில் இருந்த ஒடுக்கமான கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு பழைய பொயிலர் நின்றது. அதிலிருந்து செப்புக் குழாய்கள் புறப்பட்டு நேரே கொங்கிரீட் தரைக்குள் இறங்கின. மனிதர் இறங்க அங்கே வழி இல்லை.

"இஞ்சரும்," என்றார். "கீழை போற படி எங்கை?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? வீடு பிடிச்சது நீங்கள்."

"நீரும்தானே கூட வந்தனீர்."

"வந்தனான். ரீ குடிச்சனான். படியைப் பற்றி என்னட்டை ஆரும் கேக்கேல்லை."

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பனி கரைந்துகொண்டிருந்த காலம். ஒருவேளை வாசல் வெளிப்பக்கமாக இருக்குமோ என்று வீட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, சேற்றில் கால் வைத்து, சுவரின் அடியைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு அவர் போன காட்சியை நானும் மகள் அபியும் உள்ளே நின்று பார்த்தோம். அபி அப்போது பல்கலைக்கழகத்தில் ஏதோ டிசைன் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஹீ டஸின்ட் நோ?" என்றாள். "திஸ் இஸ் மிட் சென்சுரி மாடர்ன். ஸ்லாப்புக்கு மேலதான் கட்டுறது. கீழ ஒண்டும் இல்லை."

"உனக்குத் தெரிஞ்சால் முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லையே."

அதுவும் உண்மைதான். ஈரச் சப்பாத்தோடு இவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். வெளியிலும் இல்லை என்று அவர் வாய் திறந்து சொல்லத் தேவைப்படவில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இவர்' என்றால் என் கணவர். பெயர் சொன்னால் புருசனுக்கு ஆகாது என்று நம்புகிறவள் அல்ல நான். 'இவர்' என்று எழுதினால் ஆளைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ரீ குடித்த நாள்

பேஸ்மென்ற், அதாவது நிலத்துக்குக் கீழே ஒரு தளம், இருக்கிறதா என்று பார்க்காமல் ரொறன்ரோவில் ஒரு தமிழன் வீடு வாங்கினான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முழுக்க முழுக்க எங்களுடைய மரியாதையால் நடந்தது.

வீடு வெக்ஸ்போர்ட்டில். அந்தப் பக்கத்து வீதிகளில் நிறையச் சின்னச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்காகக் கட்டியவை என்பார்கள். எல்லாம் ஒரே அச்சு. நடுவில் இது மட்டும் தனி. வீதியில் இருந்து பார்த்தால் ஒரு நீளச் சுவரும், அதன் உச்சியில் கைக்குட்டை அகலத்துக்குக் கண்ணாடியும்தான். முன்வாசல் எங்கே என்று தெரியாது. கூரை தாழ்ந்து, ஒரு பக்கம் நீண்டு, காரை நிறுத்தும் இடத்துக்கும் நிழல் கொடுத்தது. கராஜ் இல்லை. தூணும் கூரையும் மாத்திரம். அதற்குப் பெயர் கார்போர்ட் என்று அபி பிறகு சொன்னாள்.

உள்ளே போனால் வேறு கதை. பின்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. தரையில் இருந்து கூரை வரைக்கும். கூரையைத் தாங்கும் மரச் சட்டங்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியேயும் நீண்டு போயின. நடுவில் செங்கல்லில் ஒரு நெருப்புக் கூடு. சமையலறைக்கும் இருக்கும் அறைக்கும் இடையில் கதவும் இல்லை, சுவரும் இல்லை.

வீட்டுக்காரி மிஸிஸ் வில்கின்ஸ் ஒரு வயதான விதவை. முதுகு நேராக நடப்பார். எங்களைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, பீங்கான் கோப்பையில் ரீ தந்தார். மாசி மாதக் குளிர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டதால் எங்கள் கால்களில் மேஸ் மட்டும்தான். ஆனால் கால் குளிரவில்லை. தரை இளஞ்சூடாக இருந்தது.

இவர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "பேஸ்மென்ற் நல்லா ஹீற் பண்ணிக் கிடக்கு. கால் வழியாத் தெரியுது."

நான் நடையின் முடிவைக் கண்ணால் காட்டினேன். அங்கே ஒரு கதவு சாத்தியிருந்தது. கதவில் பறவைப் படம் போட்ட கலண்டர். "உதுதான் படியா இருக்கும். போய்த் திறந்து பாருங்கோவன்."

"ஆற்றையோ வீட்டிலை ரீயும் குடிச்சுக்கொண்டு கதவைத் திறந்து பாக்கிறதோ? மனிசி என்ன நினைக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. வீட்டை விற்கிறவர் கதவைத் திறந்து பார் என்றுதானே கூப்பிட்டிருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. எங்களைக் கூட்டிவந்த ஏஜென்ற் தம்பியோ கார்போர்ட்டில் நின்று இன்னொருவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பேஸ்மென்ற் இல்லையென்றால் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். கேட்கவில்லையென்றால் வேண்டாம்போல என்று அவர் நினைத்தாராம். நல்ல பொருத்தம்.

மிஸிஸ் வில்கின்ஸ் வீட்டின் கதையைச் சொன்னார். அவருடைய கணவர் போரில் இருந்து திரும்பிய பிறகு சில வருடம் வாடகை வீடுகளில் இருந்தார்களாம். பிறகு சொந்தமாகக் கட்ட வெளிக்கிட்டபோது அந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். எந்தக் கதிரையில் இருந்தாலும் எனக்கு மரம் தெரியவேண்டும்.

வெளியே பெரிய மேப்பிள் மரம் ஒன்று நின்றது. இலை ஒன்றும் இல்லை. சிவப்புக் குருவி ஒன்று கிளையில் இருந்து பனியை உதிர்த்தது. இவர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் அப்படி அமைதியாக ஓரிடத்தில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

தை மாதத்தில் என்ன நடந்தது என்றால், வசந்தி கடைசியாகப் போன் எடுத்தாள். இவருடைய ஒரே தங்கச்சி. போர் உச்சத்தில் இருந்த வன்னியில் பள்ளிக்கூட ரீச்சர், கல்யாணம் கட்டவில்லை. ஆருடையதோ போனில் இருந்து எடுத்து, கெதிகெதியாகக் கதைத்தாள். "பங்கருக்குள்ளை தண்ணி அண்ணை. இறைச்சு இறைச்சு அதுக்குள்ளையே இருக்கிறம். இரவும் அதுக்குள்ளைதான் படுக்கிறது." பங்கர் என்றால் ஷெல்லுக்குப் பயந்து மண்ணுக்குள் வெட்டி இருக்கிற குழி. பிறகு லைன் நின்றுபோனது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

அவளைக் கூப்பிடவேண்டும், வந்தால் இருக்க இடம் வேண்டும் என்றுதான் இவர் வீடு தேடத் தொடங்கியதே. அதுவரை இரண்டு அறை அப்பார்ட்மென்ற் எங்களுக்குக் காணும் என்று இருந்த மனிசன். அன்று காருக்குள் ஏறியதும் சொன்னார்: "இதை எடுப்பம். வசந்திக்குப் பிடிக்கும்." நானும் சரி என்றேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்ல?

பேஸ்மென்ற் புராணம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகவேண்டியிருக்கிறது. பேஸ்மென்ற் என்றால் எங்களுக்கு என்ன என்று தெரியாதவர்களுக்கு இந்தத் துக்கம் விளங்காது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் இருந்ததே வோபர்னில் ஒரு பேஸ்மென்றில்தான். பத்திரிகை விளம்பரத்தில் 'வெளிச்சமான நிலக்கீழ் வீடு' என்று போட்டிருந்தது. வெளிச்சம் என்றது கூரையோடு ஒட்டிய ஒரு யன்னல். அதில் கோடையில் புல்லின் வேர் தெரியும். மாரியில் பனி மூடிவிடும். அந்த யன்னல் வழியாக நான் சப்பாத்துகளை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டேன். தபால்காரரின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, இந்தக் காலுக்கு இந்த முகமா என்று ஏமாற்றமாக இருந்தது.

மேலே வீட்டுக்காரர் மிக்ஸி போட்டால் எங்கள் கூரை அதிரும். அவர்கள் குழந்தை ஓடினால் எங்கள் சோற்றில் தூசி விழும். அபி பிறந்து தவழ்ந்தது அங்கேதான். அப்போதெல்லாம் நாங்கள் கண்ட கனவு மேலே இருப்பது மட்டும் அல்ல. மேலே இருந்துகொண்டு கீழே ஒருவரை வைத்திருப்பது. சும்மா சொல்லவில்லை, எங்கள் சனத்தில் அதுதான் முன்னேற்றத்தின் அளவு.

அதைவிட, பேஸ்மென்ற் இல்லாமல் எங்கள் குடும்பம் எப்படி ஓடும்? மீன் பொரிக்க இரண்டாவது குசினி அங்கே. அரிசி மூட்டை அங்கே. பிறந்தநாளுக்கு ஆம்பிளைகள் 'சும்மா கதைத்துக்கொண்டிருக்க'ப் போகிற இடம் அங்கே. அவர்கள் பாட்டுப் பாடினால் மேலே கேட்காமல் இருப்பதும் அதனால்தான். ஊரில் இருந்து புதிதாக வருகிறவர்களைப் படுக்க விடுவதும் அங்கேதான். கனடாவைப் பார்க்காதவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும்.

அப்படியிருக்க, தங்கச்சியைக் கூப்பிடுவதற்கென்று வீடு வாங்கிய என்னுடைய மனிசன், தங்கச்சியைப் படுக்க விட இடமில்லாத வீட்டைப் பார்த்து வாங்கியிருந்தார்.

ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு விமர்சகர்

செய்தி பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறு குமார் அண்ணை வந்து இறங்கினார். இவருடைய பெரியம்மா மகன். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு, முன்னால் இரண்டு தூண், வாசலில் இரண்டு சிங்கம். அவருடைய பேஸ்மென்றில் கிரிக்கெற் விளையாடலாம். பால் வாங்கக் காரில்தான் போகவேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

கார்போர்ட்டுக்குக் கீழே நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"உது என்னடா, பஸ் ஸ்ராண்டோ?"

"கார்போர்ட், அண்ணை."

"வீட்டுக்கு முன்வாசல் எங்கை?"

"பக்கத்தாலை."

"ஏன், கடன்காரருக்கு ஒளிச்சுக் கட்டினதோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கண்ணாடிச் சுவரைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். "நீங்கள் சோறு குழைச்சுச் சாப்பிடுறதை முழு வெக்ஸ்போர்ட்டும் டிக்கெற் இல்லாமல் பாக்கப்போகுது. பிள்ளை, நீர் கேற்றின் கடையிலைதானே வேலை செய்யுறீர்? இவ்வளவுக்கும் போட உங்கடை கடையிலை துணி இருக்கே?"

நான் கேற்றின், அதாவது யன்னல் திரை, தைக்கிற கடையில் வேலை செய்தது உண்மை. அளவு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினபோது எங்கள் முதலாளியம்மா, இது வீட்டுக்கா நாடக மேடைக்கா என்று கேட்டதும் உண்மை. ஆனால் அதைக் குமார் அண்ணைக்குச் சொல்ல எனக்கு விசரா?

"சரி, பேஸ்மென்றைக் காட்டு," என்றார், எல்லாம் தெரிந்துகொண்டே.

இவர் தரையைப் பார்த்தார். தரை வழக்கம்போல இளஞ்சூடாக இருந்தது. அதுதான் அவரை ஏமாற்றிய சூடு.

அன்றிலிருந்து அது குடும்பப் பகிடியாகிவிட்டது. ஆருக்காவது சாமான் வைக்க இடம் இல்லையென்றால், "தம்பியின்ரை பேஸ்மென்றிலை வை" என்பார் குமார் அண்ணை. அப்பாடா, அந்த மனிசனுக்கு ஒரே பகிடி வருடம் முழுக்கக் காணும்.

இவர் விடுகிறவராக இல்லை. நசீர் நானாவைக் கூப்பிட்டார். புத்தளத்து முஸ்லிம், 'நானா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஸ்காபரோவில் பாதித் தமிழருடைய வீடுகளுக்கு அறை கட்டிக் கொடுத்தவர். வந்தவர் பொயிலர் அறையைத் திறந்து பார்த்தார். தரையில் முழங்கால் ஊன்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே இருந்துகொண்டு சிரித்தார்.

"தம்பி, இதுக்குக் கீழ தோண்ட ஏலாது. தரை முழுக்க சுடுதண்ணிக் குழாய் ஓடுது. கை வச்சா வீட்டோட சேத்து எல்லாம் போயிடும்."

"அப்ப என்ன நானா செய்யலாம்?"

"இப்போதைக்கு ஒரு ரீ குடிக்கலாம்."

ரீ குடித்து முடிய அவரே வழியும் சொன்னார். கார்போர்ட்டுக்குக் கூரை இருக்கிறது, தூண் இருக்கிறது. சுவர் எழுப்பினால் ஒரு நல்ல அறை. கார் வெளியே நிற்கட்டும். இவர் உடனே தலையாட்டினார். "மரம் தெரியிற பக்கத்துக்கு முழுக்கக் கண்ணாடி போடுங்கோ," என்றார். நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இந்தக் கண்ணாடிப் பைத்தியம் எங்கிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும், மிஸிஸ் வில்கின்ஸின் ரீயில் இருந்து.

முடிந்தது என்றார்கள்

அந்த வசந்தத்தில், வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி, நகரத்தின் நடுவில் எங்கள் சனம் வீதியில் நின்றது. மழையிலும் நின்றது. இவர் வேலை முடிந்து நேரே அங்கே போவார். தொண்டை கட்டிப்போய் வருவார். வந்து, கேற்றின் போடாத அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி இருப்பார். மேப்பிள் துளிர்த்துவிட்டிருந்தது. மற்றவர்கள் ஏதோ வடிவான காட்சி பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வைகாசியில் ஒரு நாள், போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். அளவை மறந்து திரும்பவும் அளந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. முடியும்வரை, அவள் அதற்குள்ளே எங்கேயோ இருக்கிறாள் என்று நினைக்கலாம். முடிந்த பிறகு, எங்கே என்று கேட்கவேண்டி வந்துவிட்டது.

அதற்கிடையில் குடிபூரலுக்கு நாள் வைத்திருந்தோம். ஆடிக்கு முதல் செய்யவேண்டும் என்று ஐயர் ஆனியில் ஒரு நாள் தந்திருந்தார். பால் காய்ச்சி, சனத்துக்குச் சாப்பாடு கொடுத்து, முறையாக வீட்டுக்குள் புகுவது. ஆட்களுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது.

குமார் அண்ணை வந்தார். அன்று பகிடி இல்லை. கதிரை நுனியில் இருந்தார்.

"டேய், குறை நினைக்காதை. கொஞ்சம் தள்ளிச் செய்தால் என்ன? நாளைக்கு ஏதும் செய்தி வந்தால்... துடக்கு வீட்டிலை பால் காய்ச்சினதாப் போயிடும்."

துடக்கு என்றால் சாவீட்டுத் தீட்டு. அந்த நாட்களில் நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. இங்கே எங்கள் சனத்தில் பாதிப்பேர் அப்போது அதே கேள்வியோடுதான் இருந்தார்கள். கல்யாணம் வைத்தவர்கள், சாமத்தியச் சடங்கு வைத்தவர்கள், எல்லாரும்.

இவர் அவசரப்படாமல் சொன்னார்: "செய்தி வராமல் துடக்கு இல்லை, அண்ணை. நான் இப்ப நாளைத் தள்ளினால், அவள் செத்துப்போனாள் எண்டு நானே சொல்லுறமாதிரி. நான் சொல்லமாட்டன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையடா."

"தெரியும். நீங்கள் வாங்கோ. சிங்கம் இரண்டையும் விட்டிட்டு வாங்கோ."

குமார் அண்ணை சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த நிமிடம் இவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. பெரியவர் முன்னால் இருந்தபடியால் ரீ போடப் போனேன்.

சனம் இருந்த தரை

குடிபூரல் நடந்தது. சுவர் இல்லாத குசினியில் பால் காய்ச்சியதால், வந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அந்த வீட்டில் மறைவு இல்லையே, ஒரு மூலையில் கத்தினால் எல்லா மூலையிலும் கேட்கும். ஐயர் மந்திரத்தை உரத்துச் சொன்னார். அலாரம் அவரைவிட உரத்தது. அபி கதிரையில் ஏறி ஒரு தட்டால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"பேஸ்மென்றிலை காய்ச்சியிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை," என்றார் குமார் அண்ணை. மனிசன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்று எனக்கு ஆறுதல்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். சாப்பாடு முடிந்து சனம் எழும்பிப் போகவில்லை. எல்லாரும் கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துத் தரையில் இருந்துவிட்டார்கள். வெளியே மேப்பிள் இலையின் நிழல் தரை முழுக்க அசைந்தது. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் வன்னியில் ஆரோ ஒருவர் இருந்தார். ஆரும் அதைக் கதைக்கவில்லை. ஒரு அன்ரி மட்டும், "உங்கை இருந்தால் எழும்ப மனம் வருகுதில்லை, பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு கேற்றின் தைக்கிற யோசனையை நான் விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை நசீர் நானா வேலையைத் தொடங்கினார். கார்போர்ட் தூண்களுக்கு இடையில் மரச் சட்டங்கள் எழும்பின. இன்னும் சுவர் இல்லை, எலும்புக்கூடு மாத்திரம். வீதியால் போகிற சனம் என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டால் இவர், "தங்கச்சியின்ரை அறை," என்பார். கேட்டவர் எப்போது வருகிறா என்று கேட்பார். "வருவா," என்பார். நான் அந்த இடத்தில் நிற்காமல் உள்ளே போய்விடுவேன். ஆள் இருக்கிறாளா என்று தெரியாமல் அறை கட்டுகிறோமே என்று எனக்குப் பயம். ஆனால் நானும் ஒன்று செய்தேன். அந்த அறைக் கண்ணாடிக்கு மட்டும் மெல்லிய மஞ்சளில் கேற்றின் வெட்டி வைத்தேன். அவளுக்கு வேண்டுமென்றால் மூடட்டும்.

ஞாயிறு காலை

ஆடி பிறந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை குமார் அண்ணை மீன் கட்லட்டோடு வந்தார். புது அறையின் மரச் சட்டத்துக்குள் நின்று, "உதுக்குக் கீழையாவது ஒரு குட்டிப் பேஸ்மென்ற் வெட்டியிருக்கலாம்," என்று தொடங்கினார். உள்ளே வந்து கதிரையில் இருந்து கட்லட்டைக் கடிக்கும்போது போன் அடித்தது. நீளமான நம்பர். இவர் எடுத்து, அவசரத்தில் ஸ்பீக்கரை அமத்திவிட, குரல் எல்லாருக்கும் கேட்கத் தொடங்கியது.

"அண்ணை, நான் வசந்தி. முகாமிலை இருந்து கதைக்கிறன்."

ஆறு மாதமாக இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்த மனிசன் கடைசியில் என்ன கேட்டார் தெரியுமா?

"சாப்பிட்டியோ?"

"ஓம், அண்ணை. நீங்கள்?"

"ஓம். கட்லட்."

நான் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். அவள் சொன்னாள், காலில் காயம் இருந்தது, இப்போது பரவாயில்லை. போன் இன்னொருவருடையது, கன நேரம் கதைக்கமுடியாது. இவர் பதறிப்போய், தன்னிடம் இருந்த நல்ல செய்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தார்.

"வசந்தி, நாங்கள் வீடு வாங்கியிட்டம். உனக்கு அறை கட்டுப்படுது. உன்னைக் கூப்பிடுவன், என்ன செலவெண்டாலும் கூப்பிடுவன். அறை முடியப்போகுது."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். பிறகு அவள் மெல்லக் கேட்டாள்:

"பேஸ்மென்றிலையோ, அண்ணை?"

குமார் அண்ணையின் கை கட்லட்டோடு பாதியில் நின்றது.

"கோவிக்காதேங்கோ, அண்ணை. கீழை எண்டால் எனக்கு வேண்டாம். நான் இனி மண்ணுக்குக் கீழை படுக்கமாட்டன். மேலை எங்கையாவது ஒரு மூலை தந்தால் காணும். குசினிக்குள்ளை எண்டாலும் படுப்பன்."

இவர் தரையைப் பார்த்தார். கீழே போகப் படி தேடித் தேடி ஏமாந்த அதே தரை. தலையை நிமிர்த்தியபோது அந்த முகத்தில் வெட்கம் ஒரு பொட்டும் இருக்கவில்லை.

"எங்கடை வீட்டிலை கீழை எண்டு ஒரு இடமே இல்லையம்மா. எல்லாம் நிலத்துக்கு மேலைதான். படுத்திருந்தாலே மரம் தெரியும்."

"மெய்யாவோ? அங்கை எல்லா வீட்டிலையும் இருக்கும் எண்டெல்லோ சொல்லுறவை?"

"இதிலை இல்லை. பாத்துப் பாத்துத்தான் எடுத்தனான்."

நான் இவரைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து எடுத்தாராம். கலண்டர் தொங்கிய கதவைத் திறக்க வெட்கப்பட்ட மனிசன். குமார் அண்ணை பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும்.

குமார் அண்ணை கட்லட்டைத் தட்டில் வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தங்கச்சி, நான் குமார். உவன் சொல்லுறது உண்மைதான். நானும் கூடப் போனனான். எத்தினை வடிவான வீடு காட்டினம், ஒண்டும் வேண்டாம் எண்டிட்டான். கீழை போறதுக்கு ஒரு படியும் இல்லாத வீடுதான் வேணும் எண்டு நிண்டவன்."